ஆடு பார்த்த இருட்டு

குணசேகரனுக்குக் காய்ச்சல் என்று அவருடைய தம்பி வந்து சொல்லிவிட்டுப் போனபோது காலை ஆறரை மணி. அன்று திங்கட்கிழமை, ஆட்டுக் கண் நாள்.

குணசேகரன் எங்கள் கல்லூரியின் விலங்கியல் ஆய்வுக்கூடத்தில் அட்டெண்டர். மூன்று வருடங்களாக அவர்தான் சைக்கிளில் தண்டையார்பேட்டைக்குப் போய், ஹுமாயூன் பாயின் அறுப்புக் கொட்டகையிலிருந்து ஆட்டுக் கண்களை வாங்கி வருவார். அகன்ற வாய்த் தெர்மாஸில் உப்புக் கரைசலும் ஐஸும் இருக்கும். கண்ணை எடுத்து இருபது நிமிடத்துக்குள் அது என் மேஜைக்கு வந்தாக வேண்டும். அதற்குமேல் ஆனால் செல் செத்துவிடும். செத்த செல்லிடம் நான் கேட்பதற்கு ஒன்றுமில்லை.

தெர்மாஸை எடுத்துக்கொண்டு நானே கிளம்பினேன். சைக்கிள் ரிக்‌ஷாவில் உட்கார்ந்து போகும்போது, இந்த மூன்று வருடங்களில் ஒருமுறைகூட அந்தக் கொட்டகையை நான் பார்த்ததில்லை என்பது தோன்றியது. அதில் வெட்கப்பட ஒன்றும் இருப்பதாக அப்போது நினைக்கவில்லை.

என் வேலை இதுதான். உடம்பின் எல்லாச் செல்களிலும் ஒரே ஜீன்கள்தான் இருக்கின்றன. எவை பேசுகின்றன, எவை பேசாமல் இருக்கின்றன என்பதில்தான் கண் கண்ணாகவும் ஈரல் ஈரலாகவும் இருக்கிறது. ஜீன் பேசும்போது ஆர்.என்.ஏ. என்ற பொருள் உண்டாகிறது. அதைக் கட்டுவதற்குச் செல்லுக்கு யூரிடின் வேண்டும். நான் உயிருள்ள விழித்திரைத் துண்டுக்கு, பம்பாயிலிருந்து ஈயக் குடுவையில் வரும் கதிர்வீசும் யூரிடினைக் கொடுப்பேன். ஒரு மணி நேரம் கழித்து அதை மெல்லிய சீவல்களாக்கிக் கண்ணாடித் தகட்டில் ஒட்டி, மேலே புகைப்பட எமல்ஷனைப் பூசி, கறுப்புப் பெட்டியில் நான்கு வாரம் வைத்துவிடுவேன். கழுவி எடுத்தால், எந்தச் செல்லில் ஜீன்கள் உழைத்தனவோ அதன் உட்கருவின் மேல் கறுத்த புள்ளிகள் விழுந்திருக்கும். உருப்பெருக்கியில் அந்தப் புள்ளிகளை எண்ணுவேன். ஒரு நாளைக்கு இருநூறு உட்கரு. பேச்சில்லாத வேலை. எனக்கு அது பிடித்திருந்தது.

ஆடு, கோழி, விரால் மீன். மூன்றிலும் ஒளியை வாங்கும் செல்களை மட்டும் எண்ணினேன். ஆட்டில் உட்கருவுக்குச் சராசரி இருபத்திரண்டு புள்ளிகள். விராலில் ஒன்பது. எத்தனை முறை செய்தாலும் ஆடு இருபதுக்குக் கீழே வரவில்லை, மீன் பன்னிரண்டைத் தாண்டவில்லை. கோழிதான் ஒழுங்கில்லாமல் இருந்தது. ஒரு வாரம் பத்தொன்பது, அடுத்த வாரம் எட்டு. "கோழியை ஓரமா வை. ஏதோ நோய்க் கோழியாக இருக்கும்" என்றார் என் வழிகாட்டி ரகுபதி சார். ஓரமாக வைத்தேன்.

மீதமிருந்த வித்தியாசம்தான் என் ஆய்வேடு. பாலூட்டியின் விழிச்செல்லில் ஜீன்கள் மீனினுடையதைவிட இரண்டு மடங்குக்கு மேல் உழைக்கின்றன. ஜனவரி மாநாட்டில் நான் படிப்பதற்காகச் சார் அதைச் சுருக்கமாக எழுதி அனுப்பிவிட்டார். டிசம்பரில் ஆய்வேட்டைக் கொடுக்க வேண்டும். மார்ச்சில் உதவித்தொகை முடிகிறது. தவளையையும் ஆட்டோடு வைத்து ஒருமுறை பார்த்துச் சேர்த்துவிட்டால் வேலை முடிந்தது. அதற்கென்று இங்கிலாந்திலிருந்து வந்த எமல்ஷனில் கடைசி பாட்டில் ஒன்று குளிர்பெட்டியில் இருந்தது.

கொட்டகை வாசலில் ஹுமாயூன் பாய் என்னைப் பார்த்ததும் மடித்துக் கட்டியிருந்த லுங்கியை இறக்கிவிட்டார். ஐம்பது வயதிருக்கும். தாடியில் பாதி நரை.

"இன்னாம்மா, நீங்க எதுக்கு வந்தீங்கோ? குணா இன்னா ஆனான்?"

"காய்ச்சல் பாய். நானே வாங்கிட்டுப் போறேன்."

"பொம்பளப் புள்ள நிக்கற எடமா இது? அந்தாண்ட போய் நில்லுங்கோ. கண்ணு வந்துரும்."

"எடுக்கறதைப் பாக்கணும் பாய்."

"பாத்துட்டு மயக்கம் போட்டீங்கன்னா? நான் ஒங்களத் தூக்கினு போறதா, கண்ணத் தூக்கினு போறதா?"

உள்ளே இருந்த இரண்டு பேர் சிரித்தார்கள். நான் நகரவில்லை. பாய் ஒருமுறை தலையை ஆட்டிவிட்டு, கொட்டகையின் கோடியில் தொங்கிய கனத்த சாக்குத் திரையை விலக்கினார். அதற்குப் பின்னால் ஜன்னலே இல்லாத ஓர் அறை. உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாத அளவு இருட்டு. ஆட்டு மூத்திர நாற்றமும், எத்தனையோ மூச்சுகளின் வெதுவெதுப்பும் மட்டும் வந்தன. ஒரு சத்தமும் இல்லை.

பாய் உள்ளே போய் ஓர் ஆட்டைக் கூட்டி வந்தார். அதன் கண்களைச் சுற்றி இரண்டாக மடித்த கறுப்புத் துணி கட்டியிருந்தது. ஆடு அவருடைய முழங்காலில் உரசிக்கொண்டு, அவசரமில்லாமல் நடந்து வந்தது. ஒரு கிண்ணத்தில் தண்ணீர் காட்டினார். குடித்தது. பிறகு நடந்தது சீக்கிரமாகவே நடந்து முடிந்தது. நான் மயக்கம் போடவில்லை. ஆனால் பார்த்தது கத்தியை அல்ல, அந்தத் துணியை.

"ஏன் பாய் கண்ணைக் கட்டியிருக்கு?"

"பின்ன? முயிச்சுப் பாத்துகினே இருக்கணுமா அது?" கண்களை எடுத்துத் தெர்மாஸில் போட்டுக்கொண்டே சொன்னார். "ஒண்ணு கண்ணெதிர்ல இன்னொண்ண அறுக்கக் கூடாதும்மா. கத்தியக் காட்டக் கூடாது. அது எங்க மார்க்கத்துல கீது. துணி கட்டறது மட்டும் எங்க அத்தா வெச்ச பயக்கம். மொத நாள் சாயங்காலமே உள்ள வுட்டு, துணியக் கட்டி, சாக்கத் தொங்கவுட்டுருவோம். வெளிச்சம் பட்டா மிரளும், கத்தும். இருட்டுல கம்முனு கெடக்கும்."

"எல்லா ஆட்டுக்குமா?"

"ஒங்களுக்கு மூணு வருசமாக் குடுத்த கண்ணு அத்தினியும் இப்டி வந்ததுதான். ஏன், கண்ணுல எதுனா கோளாறா?"

"இல்லை பாய்" என்றேன்.

திரும்பும் வழியில் தெர்மாஸை மடியில் வைத்து இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டிருந்தேன். ராயபுரம் பாலத்தின் கீழ் சரக்கு ரயில் போய்க்கொண்டிருந்தது. பெட்டிகளை எண்ணி முடிக்கும்வரை ரிக்‌ஷாக்காரர் ஓரமாக நிறுத்திவிட்டார் என்று நினைக்கிறேன், அல்லது நான்தான் நிறுத்தச் சொன்னேனோ. நாற்பத்தாறு பெட்டிகள்.

விழித்திரைத் துண்டுகளை நான் வைக்கும் குடுவைகளுக்குக் கறுப்புத் தாள் சுற்றுவேன். அந்த ஒரு மணி நேரம் ஆட்டுக்கும் மீனுக்கும் வெளிச்சம் ஒரே அளவாக இருக்க வேண்டும் என்று. தாளில் ஊசி முனை அளவு ஓட்டை இருந்தால்கூட மாற்றிவிடுவேன். அதற்கு முந்தைய பன்னிரண்டு மணி நேரம் அந்தக் கண் எதைப் பார்த்துக்கொண்டிருந்தது என்று ஒரு நாளும் கேட்டதில்லை. ஆடு இருட்டைப் பார்த்துக்கொண்டிருந்தது. மீன்?

மீன் எங்கிருந்து வருகிறது என்பது எனக்குத் தெரியும். எங்கள் கோயில் தெரு முனையில் பிலோமி அக்கா உட்கார்ந்திருப்பாள். சடையங்குப்பத்து ஏரியில் பிடித்த விரால்களை அலுமினிய அன்னக்கூடையில் தண்ணீரோடு வைத்து, துள்ளி விழாமல் இருக்க மேலே வலையைப் போட்டிருப்பாள். நிழல் கிடையாது. காலையிலிருந்து வெயில் தண்ணீருக்குள் நேராக இறங்கும்.

கோழியும் நினைவுக்கு வந்தது. நான் கோழி வாங்கும் சௌக்கத் அலியின் கடையில் சில கோழிகள் வாசலில் கம்பிக் கூண்டில் இருக்கும். சில, உள்ளே கோணி போர்த்திய கூடைக்குள் இருக்கும். கைக்கு எது அகப்படுகிறதோ அதைக் கொடுப்பார். ஒரு வாரம் பத்தொன்பது, அடுத்த வாரம் எட்டு. மூன்றிலும் அதுதான் உண்மையைச் சொல்ல முயன்றிருக்கிறது. நோய்க் கோழி என்று சொல்லி ஓரமாக வைத்தோம்.

அன்றைய கண்களை வழக்கம்போலச் சீவல்களாக்கி, எமல்ஷன் மட்டும் பூசாமல் எடுத்து வைத்தேன். கை வேலை செய்தது.  

மூன்று நாட்கள் யோசித்தேன் என்று சொல்வது சரியாக இருக்காது. யோசிப்பதற்குப் பெரிதாக ஒன்றும் இல்லை. தவளையைச் செய்து முடித்து டிசம்பரில் கொடுத்துவிடலாம். தேர்வாளர் யாரும் தண்டையார்பேட்டைக்கு வந்து சாக்கைத் தூக்கிப் பார்க்கப்போவதில்லை. இல்லையென்றால், கடைசி பாட்டில் எமல்ஷனை இந்தச் சந்தேகத்துக்குச் செலவழிக்கலாம். அப்படிச் செய்தால் தவளை இல்லை. சந்தேகம் உண்மையானால் ஆய்வேடும் இல்லை. மூன்று நாளும் நான் செய்தது, இந்த இரண்டையும் எதிரெதிரே வைத்துச் சும்மா பார்த்துக்கொண்டிருந்ததுதான்.

வியாழக்கிழமை மறுபடி பாயிடம் போனேன். ஓர் ஆட்டை, ஒன்றே ஒன்றை, துணி கட்டாமல் காலை வெயிலில் மூன்று மணி நேரம் நிறுத்திவைத்துப் பிறகு அறுக்க முடியுமா என்று கேட்டேன். கொட்டகைக்கு வெளியே வெயில் விழும் இடம், அறுக்கும் கல்லுக்கு நேர் எதிரே இருந்தது.

அவர் கையிலிருந்த துணியை உதறி மடித்தார்.

"அது மட்டும் கேக்காதீங்கோ. இங்க நின்னா அது அத்தினியும் பாக்கும். ஒங்க படிப்புக்கு ஒரு ஆட்ட மிரள வுடச் சொல்றீங்கோ. எங்க அத்தா கப்ருல எந்திரிச்சு ஒக்காந்துருவாரு."

"சரி பாய்."

"கோச்சிக்காதீங்கோ."

"இல்லை. நீங்க சொல்றதுதான் சரி."

ஆட்டை வெளிச்சத்துக்குக் கொண்டுவர முடியாது. அப்படியானால் மீனை இருட்டுக்குக் கொண்டுபோகலாம்.

பிலோமி அக்காவிடம், ஆறு விராலை நாளைக் காலைவரை மூடி போட்ட பானையில் வைத்திருந்து தர முடியுமா என்று கேட்டேன்.

"இன்னாடி மேரி, மீனுக்குத் தாலாட்டுப் பாடித் தூங்க வெக்கணுமா?" என்று என்னைக் கேட்டுவிட்டு, பக்கத்தில் இருந்தவளைப் பார்த்துக் கண்ணடித்தாள். "மூடி வெச்சு வித்தா செத்த மீனு விக்கறான்னு ஊரே பேசும். விராலுன்னா துள்ளணும். துள்றத ஜனம் பாக்கணும். வேணும்னா நீ தூக்கினு போய் போர்வ போத்தி வெச்சுக்கோ."

ஆறையும் வாங்கிக்கொண்டேன். நான் நான்கடி போன பிறகு பின்னாலிருந்து கத்தினாள்.

"ஏய், வாய் வரைக்கும் தண்ணி ரொப்பாத! அது மேல வந்து மூச்சு இய்க்கும். செத்துச்சுன்னா எங்கிட்ட வந்து மூஞ்சியத் தூக்காத!"

மூன்று மீன்களை ஜன்னலோரக் கண்ணாடித் தொட்டியில் விட்டேன். மூன்றைப் பானையில் விட்டு, துணியும் மூடியும் போட்டு இருட்டறைக்குள் வைத்தேன். எல்லாம் ஒரே ஏரியில், ஒரே நாளில் பிடித்தவை. மறுநாள் காலை பதினோரு மணிக்கு எல்லாவற்றையும் ஒரே மாதிரி செய்தேன். இருட்டு மீன்களைச் சிவப்பு விளக்கில் எடுத்தேன். பானைக்குள் கை விட்டபோது அவை பாயின் ஆடுகளைப் போலவே அசையாமல் கிடந்தன.

கடைசி பாட்டில் எமல்ஷன் அன்று தீர்ந்தது. பாட்டிலைக் கழுவித் தொட்டி ஓரத்தில் கவிழ்த்து வைத்தேன்.

நான்கு வாரம். கறுப்புப் பெட்டி குளிர்பெட்டியில் இருந்தது. நான் பழைய குறிப்பேடுகளை மறுபடி படித்தேன். தேதி, எடை, சூடு, நேரம், எல்லாம் சுத்தமான கையெழுத்தில் இருந்தன. அந்தச் சுத்தத்தைப் பார்க்கப் பார்க்க ஒரு கூச்சம் வந்தது. ஒவ்வொரு கண்ணுக்கும் எதிரே 'ஆடு', 'விரால்' என்று எழுதியிருந்தேன், அதோடு அந்த உயிரைப் பற்றித் தெரிய வேண்டியது முடிந்துவிட்டதைப்போல.

ரகுபதி சார் இரண்டு முறை தவளை என்ன ஆயிற்று என்று கேட்டார். "இன்னும் இல்லை சார்" என்றேன். பொய் இல்லை.

தகடுகளைக் கழுவிய அன்று, காய்ச்சல் தெளிந்து வந்திருந்த குணசேகரனிடம் ஒரு வேலை சொன்னேன். எது எந்த மீன் என்று எனக்குத் தெரியாதபடி தகடுகளைக் கலக்கி, பெயர்களின் மேல் தாளை ஒட்டி, ஒன்றிலிருந்து ஆறுவரை எண் போட வேண்டும். எந்த எண் எந்த மீன் என்ற சீட்டு அவர் பையிலேயே இருக்கட்டும்.

"என்னிய நம்புறீங்களா மிஸ்ஸு?"

"என்னைத்தான் நம்பலை."

மூன்று நாள் எண்ணினேன். முதல் தகட்டில் பத்து. இரண்டாவதில் இருபத்தொன்று. மூன்றாவதில் இருபது. அதற்குமேல் தாளைப் பிரிக்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை, ஆனாலும் ஆறையும் எண்ணி முடித்தேன். ஒன்பது, பத்தொன்பது, பதினொன்று. குணசேகரன் பையிலிருந்து சீட்டை எடுத்து வாசித்தார். இரண்டு, மூன்று, ஐந்து, மூன்றும் பானை மீன்கள்.

இருட்டில் இருந்த விரால், ஆட்டின் அளவுக்கு உழைத்திருந்தது. நான் மூன்று வருடங்களாக எண்ணியது ஆட்டுக்கும் மீனுக்கும் உள்ள வித்தியாசத்தை அல்ல. ஒரு சாக்குத் திரைக்கும் ஓர் அன்னக்கூடைக்கும் உள்ள வித்தியாசத்தை.

குணசேகரன் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"மிஸ்ஸு, இது நல்ல சேதியா கெட்ட சேதியா? டீ வாங்கியாறதா வேணாமான்னு தெரியணும்."

"வாங்கிட்டு வாங்க" என்றேன்.

ரகுபதி சார் காகிதத்தைப் படித்துவிட்டு மேஜையில் வைத்தார். கண்ணாடியைக் கழற்றினார். துறைமுகத்துச் சங்கு ஊதி ஓய்ந்தது.  

"ஆட்டை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தாயா?"

"முடியாது சார். பாய் ஒத்துக்கமாட்டார். நானும் மறுபடி கேட்கமாட்டேன்."

"அப்போ பாதிதான் தெரியும்."

"ஆமா சார்."

"இந்த மீனைச் செய்யாமல் இருந்திருந்தால் டிசம்பர்ல தீஸிஸ் கொடுத்திருக்கலாம்."

"ஆமா சார்."

"நானும் கையெழுத்துப் போட்டிருப்பேன்." காகிதத்தை மறுபடி எடுத்தார். "சந்தோஷமாகப் போட்டிருப்பேன்."

இழுப்பறையைத் திறந்து தந்திப் படிவம் ஒன்றை எடுத்தார். மாநாட்டுக்கு அனுப்பிய சுருக்கத்தைத் திரும்பப் பெறுவதாக மூன்று வரி எழுதினார். எழுதும்போது பேனா ஓர் இடத்தில் நின்றது. 'பிழை' என்று எழுதப்போகிறார் என்று நினைத்தேன். அதை எழுதாமல், 'முழுமையடையவில்லை' என்று எழுதினார். என்னைக் காப்பாற்றவா தன்னைக் காப்பாற்றிக்கொள்ளவா என்று எனக்குத் தெரியவில்லை. அவருக்கும் தெரிந்திருக்காது.

"கோழி நோட்டை ஓரமா வைக்கச் சொன்னது நான்தான், இல்லையா?"

"ஆமா சார்."

"அதை எடுத்துக்கிட்டு வா" என்றார். "எமல்ஷனுக்கு இன்னைக்கே எழுதறேன். வர ஒரு மாசம் ஆகும். உதவித்தொகையை நீட்டிக்கச் சொல்லியும் எழுதறேன். கொடுப்பாங்கன்னு சொல்ல முடியாது."

அடுத்த திங்கட்கிழமை குணசேகரனோடு நானும் கொட்டகைக்குப் போனேன், இனி சில காலத்துக்குக் கண் வேண்டாம் என்று சொல்வதற்காக. நோன்பு தொடங்கியிருந்தது. பாயின் உதடுகள் காய்ந்திருந்தன. அந்தத் துணியால் என் கணக்கு என்ன ஆயிற்று என்று அவர் கேட்டதால், இருந்ததை இருந்தபடி சொன்னேன். பாதி கேட்கும்போதே வேலையை நிறுத்திவிட்டார்.

"அப்போ ஆட்டுக் கண்ணும் மீனுக் கண்ணும் ஒண்ணா?"

"இருட்டுல ஒரே மாதிரி இருக்கு பாய். வெளிச்சத்துல எப்படின்னு தெரியாது."

"இருட்டுல எல்லாம் ஒண்ணுதான்னு கண்டுபுடிக்க மூணு வருசமா?" சிரித்தார். பிறகு நான் சிரிக்கவில்லை என்று பார்த்து நிறுத்திக்கொண்டார். தாடியைத் தடவிக்கொண்டார். "வெயில்ல நின்ன ஆடுதான வோணும் ஒங்களுக்கு? மிரளக் கூடாது, அவ்ளோதான எனக்கு?"

"ஆமா."

"கல்யாண ஆர்டர்னா நான் மத்தியானம் அறுப்பேன். அன்னிக்கு இந்தக் கொட்டாய்ல கெடையாது, கல்யாண வூட்டாண்டயே. ஆடு காலைலேந்து தெருவுல வெயில்ல மேஞ்சுகினு கெடக்கும், புள்ளைங்க எல தயை குடுத்துகினு இருக்கும். கடைசில ஒரு நிமிசந்தான் துணி கட்றது. அந்தக் கண்ணு ஆவுமா?"

ஆகும் என்று தலையசைத்தேன்.

"இத முன்னாடியே சொல்லியிருக்கலாமே பாய்."

"நீங்க துணி கட்டாத ஆடு கேட்டீங்கோ. வெயில்ல நின்ன ஆடு கேக்கலியே." துணியை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். "இப்ப நோன்பு. பெருநாள் முடியட்டும், கல்யாணமா வரும். குணாவாண்ட சொல்லியனுப்பறேன்."

திரும்பி வந்து புதிய குறிப்பேட்டில் கோடு போட்டேன். தேதி, எடை, சூடு, நேரம். இவற்றுக்கு முன்னால் இன்னொரு கட்டம் சேர்த்து, அதன் தலையில் 'அதற்கு முன் எங்கே இருந்தது' என்று எழுதினேன். அறிவியல் ஏட்டில் எழுதும் சொற்களாக அவை இல்லை. வேறு சொல் கிடைக்கவில்லை.

பெருநாள் முடிந்தது. எமல்ஷனும் வந்து சேர்ந்தது. உதவித்தொகை பற்றிப் பதில் இல்லை. நவம்பர் மூன்றாவது வாரம் குணசேகரன் வந்து, வண்ணாரப்பேட்டையில் ஞாயிற்றுக்கிழமை ஒரு கல்யாணம், பன்னிரண்டு மணிக்கு ஆடு என்று பாய் சொல்லியனுப்பியதாகச் சொன்னார். தெர்மாஸைக் கழுவி வைத்தேன்.

வெளியே நான்கு நாட்களாக வெயிலே இல்லை, மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது. ஜன்னலைத் திறந்து வானத்தைப் பார்த்தேன். எண்ணூர்ப் பக்கம் கொஞ்சம் வெளுத்திருப்பதுபோலத் தெரிந்தது. ஞாயிறுக்கு இன்னும் மூன்று நாள் இருந்தது.